நாட்டுக்கோழி அடை வைக்கிறது எப்படி: முதல் தடவை வைக்கிறவங்களுக்கு

நாலு நாட்டுக்கோழி வாங்கி வீட்டுல விட்டவங்களுக்கு ஆறேழு மாசத்துல ஒரு நாள் இந்த பயம் வந்துரும், கோழி கூடைய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது, கிட்ட போனா முடியெல்லாம் சிலுப்பிக்கிட்டு கொத்த வருது, தீனி போட்டாலும் வரல, சீக்கு ஏதும் வந்துருச்சோன்னு. சீக்கு இல்லைங்க, அது அடைக்கு வந்துருச்சு, அதாவது முட்டை மேல படுத்து குஞ்சு பொரிக்கத் தயாராயிருச்சு. சில ஊர்ல அவயம்னு சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணு தான்.

பத்து குஞ்சு எடுக்குறதுக்கு இன்குபேட்டர் வாங்கலாமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. என்னைக் கேட்டா வேண்டாம்னு தான் சொல்லுவேன். மெஷின் சூடு குடுக்கும், அவ்வளவு தான். குஞ்சு வந்த பிறகு பல்பு போடணும், கரண்ட் போனா ஓடணும், தீனி பொறுக்கக்கூட நம்ம தான் பழக்கணும். கோழி அடை படுத்தா சூடு, ஈரம், முட்டைய திருப்பி விடுறது, குஞ்ச ரெக்கைக்குள்ள வச்சுக்கிறது, பருந்து வந்தா ஒளிய வைக்கிறது எல்லாமே அதுவே பாத்துக்கும். அந்த 21 நாள் வேலை கோழியோடது. நம்ம வேலை எல்லாம் முட்டை வைக்கிறதுக்கு முந்தின பத்து நாள்லயும் குஞ்சு வந்த பிறகு வர்ற நாள்லயும் தான் இருக்கு, ஆனா புதுசா வைக்கிறவங்க இத தலைகீழா பண்ணுவாங்க, முந்தி ஒண்ணும் பாக்காம இருந்துட்டு நடுவுல தினம் நாலு தடவை கோழிய தூக்கித் தூக்கி பாப்பாங்க. நானும் அப்படித்தான் பண்ணேன், முதல் தடவை 15 முட்டை வச்சு 3 குஞ்சு தான் வந்துச்சு.

நிஜமாவே அடைக்கு வந்துருச்சா

நாட்டுக்கோழி ஒரு தடவைக்கு 10ல இருந்து 15 முட்டை வரைக்கும் விடும், விட்டு முடிச்சதும் அடைக்கு வரும். முட்டை விடுற கோழி விட்டுட்டு கேறிக்கிட்டு வெளிய போயிரும், அடைக்கு வந்தது போகாது. பகல்ல மட்டும் உக்காந்துட்டு ராத்திரி மத்த கோழிகளோட ஏறி அடைஞ்சுட்டா இன்னும் அடைக்கு வரலைன்னு அர்த்தம். ராத்திரியும் கூடையிலயே கெடந்தா, உடம்ப தட்டையா பரப்பிப் படுத்திருந்தா, வெளிய வந்தா முடிய சிலுப்பிக்கிட்டு கொக்கு கொக்குன்னு ஒரே சீரா சத்தம் விட்டுக்கிட்டு நடந்தா அதான் அடைக்கோழி. நெஞ்சுக்குக் கீழ கை விட்டுப் பாருங்க, முடி கொட்டி தோல் வெறுமையா இருக்கும், கை வச்சா காய்ச்சல் அடிக்கிற மாதிரி சுடும். அந்தத் தோல் முட்டையில நேரா படுறதுனால தான் சூடு ஏறுது.

உடனே நல்ல முட்டைய வச்சுறாதீங்க. குஞ்சுக்குன்னு எடுத்து வைக்காத சாதா முட்டை ரெண்டு மூணு வச்சு ரெண்டு நாள் படுக்க விடுங்க. மூணாவது நாளும் அசையாம இருந்தா நம்பி வைக்கலாம்.

எந்தக் கோழிக்கு வைக்கிறதுன்னும் யோசிக்கணும். சிறுவிடைக் கோழி மாதிரி அடை படுக்க வேற கோழி கிடையாதுங்கிறது என் அபிப்பிராயம், உடம்பு லேசு, முட்டை உடையாது, குஞ்ச விடாம சுத்திக்கிட்டே இருக்கும். பெருவிடை, அசில் கோழியும் நல்லா படுக்கும், நிறைய முட்டை மூடும், ஆனா வெயிட்டு ஜாஸ்தி, கால வைக்கிறதுல முட்டை நசுங்கும். கடக்நாத்ங்கிற கருங்கோழி அடை படுக்குறது ரொம்ப கம்மி. வனராஜா, கிரிராஜா மாதிரி கறிக்கும் முட்டைக்கும்னு உருவாக்கின ரகங்களும் பெரும்பாலும் அடைக்கு வராது, அந்த முட்டைய குஞ்சாக்கணும்னா நாட்டுக்கோழிக்கு அடியில தான் வைக்கணும். முதல் தடவையா அடைக்கு வர்ற வெடக்கோழிக்கு 7 முட்டைக்கு மேல வைக்காதீங்க, அதுவும் பழகணும்ல.

இப்ப குஞ்சு வேண்டாம், கோழி அடைய விட்டு எந்திரிச்சா போதும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. தண்ணியில முக்கி எடுக்குறது, மூக்குல இறகக் குத்தி விடுறதுன்னு ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு. தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க, வாயில்லா ஜீவன். அடியில காத்து போற மாதிரி கம்பிக்கூண்டுல வைக்கோல் எதுவும் போடாம, தீனி தண்ணி மட்டும் வச்சு மூணு நாலு நாள் வைங்க, நெஞ்சுச்சூடு அடங்கி தானா விட்டுரும்.

முட்டை எடுக்குறது

முதல்ல சேவல் இருக்கணும். இது தெரியாம கடையில வாங்கின வெள்ள முட்டைய வச்சுட்டு 25 நாள் காத்துக்கிட்டு இருந்தவங்களை நான் பாத்திருக்கேன். நாமக்கல் பண்ணைகள்ல இருந்து வர்ற முட்டையெல்லாம் சேவலே இல்லாம கூண்டுல விடுற முட்டை, எத்தனை நாள் வச்சாலும் கூமுட்டை தான். 8ல இருந்து 10 கோழிக்கு ஒரு நல்ல சேவல் போதும். புதுசா சேவல் விட்டீங்கன்னா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு விடுற முட்டையில இருந்து சேருங்க.

தினம் முட்டைய எடுத்து பென்சில்ல தேதி எழுதி வைங்க. மார்க்கர் வேண்டாம், ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரக்கணக்குல இருக்கு, அது வழியா தான் உள்ள இருக்கிற குஞ்சு மூச்சு விடுது, மை உள்ள போகக்கூடாது. அதே காரணத்துக்காக முட்டைய கழுவவும் கூடாது. கழுவினா ஓட்டு மேல இருக்கிற மெல்லிசான பூச்சு போயிரும், அழுக்குத் தண்ணி உள்ள இறங்கும். லேசா மண்ணு ஒட்டி இருந்தா காஞ்ச துணியால தட்டி விடுங்க, ரொம்ப எச்சம் அப்பிக் கெடந்தா அத ஆம்லெட் போட்டுருங்க.

வைக்கிற முட்டை 7 நாளுக்கு மேல பழசா இருக்கக்கூடாது. சித்திரை வைகாசின்னா நாலஞ்சு நாள் தான் கணக்கு. கோழி மொத்த முட்டையும் விட்டு முடிக்க 15 நாளுக்கு மேல கூட ஆகும், அதுனால முதல்ல விட்டதெல்லாம் சாப்பாட்டுக்கு, கடைசியா விட்டதும் மத்த கோழி முட்டையும் சேத்து அடைக்கு. பிரிட்ஜுல வைக்காதீங்க. எங்க அம்மாச்சி மண்பானையில கம்போ கேழ்வரகோ கொட்டி அதுக்குள்ள முட்டைய வச்சிருக்கும், நான் மண்சட்டியில ஆத்து மணல் போட்டு அந்த சட்டிய ஈர மணல் மேல வச்சுக்கிறேன், உள்ள ஜில்லுனு இருக்கும். கூர்முனை கீழ, அகலமான பக்கம் மேல. அகலமான பக்கத்துல தான் காத்துப்பை இருக்கு, அது மேல இருக்கணும்.

ரொம்ப பெருசு, ரொம்ப சிறுசு, கோணல் முட்டை, ஓடு சொரசொரன்னு இருக்கிறது, கீறல் விட்டது எல்லாத்தையும் ஒதுக்கிருங்க. ரெண்டு முட்டைய லேசா ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாத்தா நல்ல முட்டை கணீர்னு இருக்கும், கீறல் விட்டது மொத்தையா கேக்கும். வெளியூர்ல இருந்து பஸ்ஸுல பைக்குல குலுங்கி வந்த முட்டையா இருந்தா ஒரு நாள் அசைக்காம வச்சுட்டு அப்புறம் வைங்க. கூர்முட்டை சேவலாகும், உருண்ட முட்டை பெட்டையாகும்னு சொல்லுவாங்க, அத நம்பி பிரிக்காதீங்க, சேவலா பெட்டையாங்கிறது முட்டை உருவத்துல தெரியாது.

எத்தனை வைக்கிறது? ஊர்ல ஒத்தப்படையா தான் வைப்பாங்க, 9, 11, 13ன்னு. நானும் அப்படியே வைக்கிறேன். ஆனா முக்கியமான கணக்கு வேற, கோழி உக்காந்தா வெளிய ஒரு முட்டை கூட தெரியக்கூடாது. ஒண்ணு ஓரமா தெரிஞ்சா அந்த ஒண்ணு மட்டும் கெடாது, கோழி திருப்பித் திருப்பி விடும்போது இன்னைக்கு ஒண்ணு வெளிய, நாளைக்கு வேற ஒண்ணு வெளியன்னு மாறி மாறி எல்லாமே குளுந்து போகும். எனக்கு 15ல 3 வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம், அது சிறுவிடை, 10 வச்சிருக்கணும். இன்னொரு காரணம் அக்னி நட்சத்திரத்துல தகரக் கூரைக்கு அடியில வச்சது. தையில இருந்து பங்குனிக்குள்ள வைக்கிறது தான் நல்ல நேரம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில முட்டை பொரிக்கும், ஆனா ஈரத்துல குஞ்ச காப்பாத்துறது தான் பெரிய பாடு.

கூடையும் இடமும்

மூங்கில் கூடை, பழைய மண்தொட்டி, மரப்பெட்டி எது வேணும்னாலும் இருக்கட்டும், ஒன்றரை அடி அகலம் வேணும், ஆழம் முக்கா அடிக்கு மேல வேண்டாம். ஆழமா இருந்தா கோழி மேல இருந்து முட்டை மேல குதிக்கும், உடைஞ்சிரும். பிளாஸ்டிக் டப்புல காத்து போகாது, வெயில் காலத்துல அது அடுப்பு மாதிரி ஆயிரும். அடியில ஆத்து மணலோ சலிச்ச மண்ணோ மூணு விரக்கடை போட்டு கையால நடுவுல லேசா குழி பண்ணிக்கோங்க, குழி ஆழமா இருந்தா முட்டை ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், குழியே இல்லைன்னா ஓரத்துக்கு ஓடிரும், தோசைக்கல்லு குழி அளவு போதும். அதுக்கு மேல நல்லா காஞ்ச வைக்கோல். பூசணம் வாடை அடிக்கிற வைக்கோல் கூடவே கூடாது.

இடம் இருட்டா, ஆள் நடமாட்டம் இல்லாம, மழை ஒழுகாம இருக்கணும். மத்த கோழி உள்ள வரக்கூடாது. வந்துச்சுன்னா அதுவும் கூடையில ஏறி முட்டை விட்டுட்டுப் போயிரும், அப்புறம் எது அடைமுட்டை எது புதுசுன்னு தெரியாம போயிரும். அதுக்குத் தான் வைக்கிற முட்டை ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல ஒரு வட்டம் போட்டு வைக்கச் சொல்றது, வட்டம் இல்லாதது இருந்தா அன்னைக்கே எடுத்துருங்க. பெருச்சாளி, கீரி, பாம்பு மூணும் முட்டைக்கு வரும், அதுனால ராத்திரி பஞ்சாரத்த, அதான் கோழிய மூடி வைக்கிற பெரிய கூடைய, கவுத்தி மேல கல்லு வச்சுருங்க. பாம்பு நடமாட்டம் இருக்கிற தோட்டமா இருந்தா பஞ்சாரம் பத்தாது, கதவு இருக்கிற ரூமு தான்.

இடி இடிச்சா முட்டை கெட்டுரும்னு கூடையில கரித்துண்டு, வரமிளகா, ஒரு இரும்பு ஆணி போட்டு வைக்கிறது நம்ம ஊர் வழக்கம். அம்மாச்சி போட்டுச்சு, நானும் போடுறேன், போடாம இருக்க மனசு வராது. ஆனா அதப் போட்டுட்டேன்னு ஒழுகுற கூரைய பாக்காம விட்டுறாதீங்க. மழையில முட்டையக் கெடுக்குறது ஈரம்.

செல்லுப்பூச்சி, இதுல தான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க

அடை பாதியில கோழி எந்திரிச்சு ஓடிருச்சு, திரும்ப படுக்கவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்க வீட்டுல போய் அந்தக் கூடைய பாத்தீங்கன்னா முக்கால்வாசி செல்லு தான், அதாவது கோழி உடம்புல ஏறுற பொடிப்பூச்சி. பகல்ல கூடை இடுக்குலயும் வைக்கோலுக்குள்ளயும் ஒளிஞ்சுக்கிட்டு ராத்திரி கோழி மேல ஏறி ரத்தம் குடிக்கும். அடைக்கோழி அசையாம ஒரே இடத்துல 21 நாள் இருக்கு, நெனச்ச நேரம் மண்ணுல பொரள கூட முடியாது, அதுக்கு இதவிட நல்ல எடம் கெடைக்குமா. பொறுக்க முடியாம தான் அந்தக் கோழி எந்திரிச்சு ஓடுது, அது மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல.

நான் ஒரு தடவை அசட்டையா விட்டு பதினோராவது நாள் கூடையில கைய விட்டேன், வெளிய எடுத்தா முழங்கை வரைக்கும் ஊர்றது, கடுகுல பாதி கூட இல்ல, நசுக்கினா சிவப்பா ரத்தம். கோழியோட கொண்டை வெளுத்துப் போயிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே வேற கூடை, வேற மணல், வேற வைக்கோல் போட்டு, முட்டைய துணியால ஒவ்வொண்ணா தொடச்சு மாத்தி வச்சேன், பழைய வைக்கோல கொளுத்திட்டேன். கோழி படுத்துச்சு, 9ல 6 வந்துச்சு.

அதுனால முட்டை வைக்கிறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது இது. கூடைய வெயில்ல ரெண்டு நாள் காய வைங்க, முடிஞ்சா கொதிக்கிற தண்ணி ஊத்திட்டு காய வைங்க. மணலோட விறகு சாம்பல் ரெண்டு கை கலந்துக்கோங்க. வைக்கோலுக்கு அடியில வேப்பிலை, நொச்சி இலை காய வச்சுப் போடுங்க, பச்சையா நிறைய போட்டா புழுங்கிரும். கோழியோட ரெக்கைக்கு அடியில, வால் பக்கம் முடிய விலக்கிப் பாருங்க, பேன் ஓடுச்சுன்னா வேப்பிலைத் தூளும் சாம்பலும் கலந்து முடிக்குள்ள படுற மாதிரி தேய்ங்க. அப்புறம் கோழி எந்திரிச்சு வர்ற இடத்துக்குப் பக்கத்துலயே ஒரு குழி தோண்டி மண்ணும் சாம்பலும் கலந்து போட்டு வைங்க, அது தினம் வந்து பொரண்டு உதறிட்டுப் போகும். கடையில மருந்து இருக்கு, ஆனா அடைக்கோழிக்கு அடிக்கிற மருந்து முட்டை ஓடு வழியா குஞ்சுக்கும் போகும்கிறதுனால கால்நடை டாக்டர்கிட்ட கேக்காம எதையும் தெளிக்காதீங்க.

வைக்கிற ராத்திரி

பொழுது சாஞ்சு இருட்டின பிறகு வைங்க. பகல்ல இடம் மாத்தினா கோழி பழைய எடத்துக்கே ஓடும், ராத்திரின்னா பேசாம படுத்துக்கும். லைட்ட அணைச்சுட்டு முட்டைய வரிசையா வச்சு, கோழிய ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சு எடுத்து, முட்டைக்குப் பக்கத்துல விடுங்க, மேல போடாதீங்க. அதுவே அலகால முட்டைய தொட்டுத் தொட்டு உள்ள இழுத்து வயித்துக்கு அடியில சேத்துக்கிட்டு குலுங்கிக் குலுங்கி உக்காரும். அத மட்டும் டார்ச் இல்லாம கதவோரம் நின்னு பாருங்க, அவ்வளவு அழகு.

எல்லா முட்டையும் ஒரே நாள்ல வைக்கணும், இன்னைக்கு 5 நாளைக்கு 5ன்னு வைக்கவே கூடாது. முன்னாடி வச்சது பொரிச்சதும் கோழி குஞ்ச கூட்டிக்கிட்டு எந்திரிச்சுரும், மிச்சம் வீணாப் போகும். ரெண்டு கோழி அடைக்கு வந்திருந்தா ரெண்டுக்கும் ஒரே ராத்திரி வைங்க. பொரிச்ச பிறகு ரெண்டு கோழிக் குஞ்சையும் ராத்திரியோட ராத்திரியா ஒரு தாய்கிட்ட சேத்து விட்டா இன்னொரு கோழி சீக்கிரம் திரும்ப முட்டைக்கு வந்துரும்.

நாள் கணக்கு ரொம்ப சுலபம், 21 நாள்னா சரியா மூணு வாரம், வெள்ளிக்கிழமை வச்சா வெள்ளிக்கிழமை பொரிக்கும், ஒரு நாள் முன்ன பின்ன ஆகலாம். வாத்து முட்டை, வான்கோழி முட்டை வச்சா 28 நாள், கினிக்கோழிக்கு 26ல இருந்து 28.

21 நாள், கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கிற வேலை

கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை, சிலது ரெண்டு தடவை எந்திரிச்சு 15, 20 நிமிஷம் வெளிய வரும். தின்னும், தண்ணி குடிக்கும், பெருசா நாத்தமா ஒரு எச்சம் போடும், மண்ணுல பொரளும், திரும்பிப் போயிரும். அந்த எச்சம் பாத்து சீக்குன்னு பயந்துறாதீங்க, நாள் பூரா அடக்கி வச்சது அது. கம்பு, சோளம், நெல்லு இது மாதிரி முழு தானியம் குடுங்க, தண்ணி எப்பவும் கூடையில இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி இருக்கணும். கூடைக்குள்ளயே தீனியும் தண்ணியும் வைக்காதீங்க, எந்திரிக்காமலே இருந்து அங்கேயே எச்சம் போட்டு முட்டையெல்லாம் நாறிரும்.

சில கோழி பாசத்துல எந்திரிக்கவே எந்திரிக்காது, மெலிஞ்சு செத்துப் போற அளவுக்குப் போகும். அந்த மாதிரி கோழிய தினம் ஒரு தடவை நீங்க எறக்கி விடணும். இங்க ஒரு சூட்சுமம் இருக்கு, சட்டுன்னு தூக்கிறாதீங்க, ரெக்கைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு முட்டைய இடுக்கிக்கிட்டு இருக்கும், தூக்கினதும் மேல இருந்து விழுந்து மத்ததையும் உடைச்சுரும். முதல்ல ரெண்டு ரெக்கைக்கு அடியிலயும் விரல விட்டுத் தடவி முட்டைய எறக்கி விட்டுட்டு அப்புறம் தூக்குங்க. கொத்தும், கொத்தட்டும், அதுக்குப் பிள்ளைங்க பயம்.

கோழி எந்திரிச்சுப் போய் ஒரு மணி நேரம் ஆயிருச்சு, முட்டை குளுந்து போச்சுன்னு உடனே தூக்கி எறியாதீங்க. அரை மணி நேரம்லாம் ஒண்ணுமே ஆகாது. ரொம்ப நேரம் ஆயிருந்தாலும் திரும்ப படுக்க வச்சு மூணு நாலு நாள் கழிச்சு லைட் அடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

லைட் அடிக்கிறது ஏழாவது நாள் ராத்திரி. ரூம இருட்டாக்கிட்டு செல்போன் டார்ச்ச போட்டு, மேல கைய குவிச்சு வெளிச்சம் சிந்தாம முட்டையோட அகலமான பக்கத்த வைங்க. நல்ல முட்டையா இருந்தா சிலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு ஓடும், நடுவுல ஒரு கரும்புள்ளி இருக்கும், கொஞ்ச நேரம் ஆடாம பிடிச்சிருந்தீங்கன்னா அந்தப் புள்ளி துள்ளும். முதல் தடவை அதப் பாத்தப்ப எனக்கு கை நடுங்கிருச்சு. நரம்பே இல்லாம தெளிவா மஞ்சளா தெரிஞ்சா கூமுட்டை, ரத்தம் வளையம் மாதிரி ஓரமா நின்னுருந்தா உள்ள செத்துருச்சு, ரெண்டையும் எடுத்துருங்க. எடுக்காம விட்டா அழுகி கூடையிலயே வெடிக்கும், அந்த நாத்தமும் கிருமியும் மத்த முட்டையையும் கெடுத்துரும். சந்தேகமா இருக்கிறத விட்டு வைங்க, பதினாலாவது நாள் ஒரு தடவை பாக்கலாம், அப்ப நல்ல முட்டை காத்துப்பை மட்டும் வெளிச்சமா, மிச்சம் எல்லாம் கறுப்பா இருக்கும்.

18வது நாளுக்கு மேல தொடக்கூடாது. வெக்கையா இருந்தா கூடையச் சுத்தி தரையில தண்ணி தெளிச்சு விடுங்க. கடைசி நேரத்துல வெதுவெதுப்பான தண்ணியில முட்டைய போட்டு ஆடுதான்னு பாக்குற பழக்கம் ஒண்ணு இருக்கு, குஞ்சு ஓட்ட உடைக்க ஆரம்பிச்சிருந்தா அந்த ஓட்டை வழியா தண்ணி போய் மூச்சு முட்டிரும், வேண்டாம்.

பொரிக்கிற நாள்

இருபதாவது நாள் காதக் குடுத்துக் கேட்டா முட்டைக்குள்ள இருந்தே கிய்யு கிய்யுன்னு சத்தம் வரும், கோழியும் அது வரைக்கும் விடாத ஒரு மெல்லிசான குரல்ல பதில் சொல்லும். ஓட்டுல ஒரு சின்ன கீறல் நட்சத்திரம் மாதிரி விழும். அதுக்கப்புறம் மணிக்கணக்கா ஒண்ணும் நடக்காது. இந்த நேரத்துல தான் நம்மளால சும்மா இருக்க முடியாது.

நான் ஒரு தடவை பாவம் பாத்து ஓட்ட உரிச்சு விட்டேன். உள்ளாற சவ்வுல ரத்த நரம்பு இன்னும் காயல, ஒரு கோடு மாதிரி ரத்தம் வந்துச்சு, தொப்புள்ல மஞ்சக்கரு பாதி வெளியவே இருந்துச்சு. ரெண்டு மணி நேரத்துல என் கையிலயே போயிருச்சு அந்தக் குஞ்சு. அந்த மஞ்சக்கரு முழுசா வயித்துக்குள்ள போகணும், நரம்பு காயணும், அதுக்குத் தான் குஞ்சு உள்ளயே அவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்குது. கீறல் விழுந்து 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், விட்டுருங்க.

முதல் குஞ்சுக்கும் கடைசி குஞ்சுக்கும் நடுவுல ஒரு நாள் கூட ஆகும். வந்த குஞ்சுக்கு உடனே தீனி குடுக்கணும்னு அவசரமே இல்ல, உள்ள போன மஞ்சக்கரு ரெண்டு நாளைக்குத் தாங்கும். முன்னாடி வந்தது வெளிய ஓடி கோழியும் கூடவே எந்திரிக்கப் பாத்தா மட்டும், காஞ்ச குஞ்ச துணி போட்ட சின்ன கூடையில எடுத்து வெதுவெதுப்பா வச்சுட்டு ராத்திரி திரும்ப அடியில விடுங்க. 23 நாள் முடிஞ்சும் வராத முட்டைய எடுத்து தூரமா புதைச்சுருங்க.

குஞ்சு வந்த பிறகு

முதல்ல தண்ணி. ஆழமில்லாத தட்டுல கூழாங்கல்லு போட்டு ஊத்துங்க, குஞ்சு ஒரு விரக்கடை தண்ணியில கூட மூழ்கிச் செத்துரும். முதல் நாள் தண்ணியில கொஞ்சம் கருப்பட்டி கரைச்சு விட்டா தெம்பா இருக்கும். தீனிக்கு அரிசிக் குருணை, கம்பு குருணை. வசதி இருந்தா முதல் ஒரு மாசம் குஞ்சுத் தீவனம் வாங்கிக் குடுங்க, வெறும் குருணையில புரோட்டீன் பத்தாது. இல்லைன்னா கரையான் இருக்கு, பழைய பானைக்குள்ள காஞ்ச சாணி, வைக்கோல், கிழிஞ்ச சாக்கு அடைச்சு தண்ணி தெளிச்சு, சாயங்காலம் கரையான் புத்து இருக்கிற மண்ணுல கவுத்தி வச்சுட்டு வாங்க, விடிய முன்னாடி எடுத்தா பானை நிறைய ஏறியிருக்கும், குஞ்சுக முன்னாடி தட்டினா தாய்க்கோழி கூப்பிட்டுக் கூப்பிட்டு பொறுக்கி ஊட்டும்.

முதல் ரெண்டு வாரம் பஞ்சாரத்துக்குள்ள தாயோட வைங்க, தரையில உமி போட்டு ஈரமாக ஈரமாக மாத்துங்க. அப்புறம் வெயில் ஏறி புல்லுல பனி காஞ்ச பிறகு தான் வெளிய விடணும், நனைஞ்ச குஞ்சு தேறாது. காக்காவும் பருந்தும் முதல் ஒரு மாசம் கண்ணு வச்சுக்கிட்டே இருக்கும், வெட்டவெளியில விடாம செடி, புதர், வேலியோரம் மேய விடுங்க, தாய் ஒரு குரல் குடுத்ததும் உள்ள பூந்துக்க எடம் வேணும்.

வெள்ளைக்கழிச்சல்ங்கிற நோய்க்கு தடுப்பு மருந்து போடாம குஞ்சு வளக்காதீங்க, இத எவ்வளவு சொன்னாலும் தகும். வந்துச்சுன்னா மருந்து கிடையாது, மூணு நாலு நாள்ல கூடே காலியாயிரும். 7வது நாள் லசோட்டாங்கிற தடுப்பு மருந்து, கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு. 8வது வாரம் ரெக்கைக்கு அடியில ஊசி, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி குடல்புழு மருந்து. ஒரு சீசாவுல நூத்துக்கணக்கான குஞ்சுக்கு மருந்து இருக்கும், பத்து குஞ்சுக்காக வாங்கி மிச்சத்த கொட்டாம அக்கம்பக்கத்துல சேந்து வாங்குங்க, ஐஸ் வச்சே எடுத்துட்டு வாங்க, கலக்கின ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சுரணும். பிப்ரவரி வாக்குல அரசு கால்நடை மருந்தகத்துல இலவச முகாமும் நடக்கும், விட்டுறாதீங்க.

ஆறு வாரத்துல இருந்து எட்டு வாரத்துக்குள்ள தாய் குஞ்சுகள கொத்திப் பிரிச்சு விட ஆரம்பிக்கும். குஞ்சுகளும் முடி முளைச்சு தானா மேயும், மறிச்சு வைக்க வேண்டாம். 21 நாள் அரை வயித்தோட கெடந்துட்டு அதுக்கப்புறமும் தனக்குக் கெடைச்சதையெல்லாம் குஞ்சுக்கே போட்ட கோழி அது, மெலிஞ்சு போயிருக்கும், தனியா ஒரு கை கம்பும் கொஞ்சம் முருங்கைக்கீரையும் சேத்துப் போடுங்க. கொண்டை திரும்ப செவந்து, சேவல் பக்கத்துல நடமாட ஆரம்பிச்சுதுன்னா இன்னும் கொஞ்ச நாள்ல முட்டை விடும், கூடைய கழுவி வெயில்ல போட்டுருங்க.